மென்பொருளுக்கும் வேண்டும் வெள்ளோட்டம்

மணப்பாட்டுக் கடலில் நாளை அலை எவ்வளவு எழும் என்று கணக்கிடும் கணினிகள் ஹைதராபாத்தில் இருக்கின்றன. அந்த ஊரில் கடல் இல்லை. இந்தியக் கடற்கரை முழுவதற்கும் அலை, காற்று, நீரோட்டம், மீன் கூடும் இடம் ஆகியவற்றை முன்கூட்டிச் சொல்லும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், 1999இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள்களும் மிதவைகளும் அனுப்பும் அளவுகள் அங்குள்ள மென்பொருளுக்குள் போகின்றன. பிறகு அவை எண்களாகவும் வரைபடங்களாகவும் மாறி மீனவரின் கைபேசிக்கு வருகின்றன.

அந்த எண் சரியா தவறா என்பதை முதலில் அறிபவர் அதைக் கணக்கிட்ட விஞ்ஞானி அல்லர். திருச்செந்தூருக்குத் தெற்கே 18 கிலோமீட்டர் தொலைவில், மணற்குன்று கடலுக்குள் நீண்டு நிற்கும் மணப்பாட்டு முனையைத் தாண்டிப் படகை ஓட்டிச் செல்பவர்தான் அதை முதலில் அறிகிறார். அவர் கண்டது விஞ்ஞானியிடம் போய்ச் சேர்ந்தால் மென்பொருள் வளரும். சேராவிட்டால் அதே தவறை அது நாள்தோறும் செய்துகொண்டிருக்கும். அறிவியல் மென்பொருளை முதலில் பயன்படுத்துவோரிடம் கருத்துக் கேட்பதைப் பலர் ஒரு மரியாதைச் சடங்காக நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் அளவீடு. மிதவை எடுக்கும் அளவீட்டுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு இதற்கும் உண்டு.

முத்துக்குளிப்புக்கு முன் ஒரு மாதிரி

முன்சோதனை இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன், கடலடியில் சிப்பி விளையும் பார்களுக்குக் குளியாட்களை அனுப்பிப் பார்ப்பார்கள். அவர்கள் அள்ளி வந்த மாதிரிச் சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்துகளுக்கு வல்லுநர்கள் விலை மதிப்பிடுவார்கள். சிப்பி முற்றவில்லை, முத்து தேறவில்லை என்றால் குளிப்பு நடக்காது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதுவரை, கரையில் எடுத்த முடிவுக்குக் கடலடியிலிருந்து வந்த சான்றே அடிப்படையாக இருந்தது.

உலக அளவிலும் இதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. 1840களில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ மோரி, பழைய கப்பல் நாட்குறிப்புகளைத் திரட்டிக் காற்று, நீரோட்ட வரைபடங்களை உருவாக்கினார். அவற்றை அவர் கப்பல் தலைவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வரைபடத்தைப் பெறுபவர் தம் பயணத்தில் கண்ட காற்றையும் நீரோட்டத்தையும் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். 1848இல் பால்டிமோரிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்கு, வழக்கமாக 55 நாள் பிடிக்கும் பயணத்தை, ஒரு கப்பல் அந்த வரைபடத்தின் துணையால் 38 நாளில் முடித்தது. அதன் பிறகு குறிப்புகள் குவிந்தன. ஒவ்வொரு குறிப்பும் அடுத்த வரைபடத்தைத் திருத்தியது. பயன்படுத்துவோரையே அளப்போராகவும் ஆக்கிய முறை இது. மென்பொருளை முடிக்கும் முன் சோதனைக்கு வெளியிடும் இன்றைய முன்னோட்டப் பதிப்புகளுக்கு இதை மூதாதை எனலாம்.

இரண்டு கேள்விகள்

ஓர் அறிவியல் மென்பொருளைச் சோதிப்பது என்றால் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவது. கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறோமா என்பது முதல் கேள்வி. போட வேண்டிய கணக்கைத்தான் போட்டிருக்கிறோமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு எழுதியவர்களே பெரும்பாலும் விடை கண்டுவிடலாம். இரண்டாவதற்கு அவர்களால் மட்டும் முடியாது. அவர்கள் எதையெல்லாம் இயல்பு என்று கொண்டு எழுதினார்களோ, அதையே கேள்வி கேட்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும்.

அளவைகளை எடுத்துக்கொள்வோம். மீன் இருப்பிட அறிவிப்பு தொலைவைக் கிலோமீட்டரிலும் ஆழத்தை மீட்டரிலும் சொல்கிறது. கடலில் உள்ளவர் தொலைவைக் கடல்மைலில் எண்ணுகிறார். ஆழத்தைப் பாகத்தில் சொல்கிறார். ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம், ஏறத்தாழ 1.8 மீட்டர். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். 20 என்ற எண்ணை அலகு பார்க்காமல் படித்தால், ஏறத்தாழ இருமடங்கு தொலைவுக்கு டீசல் எரிந்துவிடும். எழுதியவர் கணக்கில் பிழையே இல்லை. ஆனாலும் பயன்படுத்தியவர் தவறான இடத்தில் நிற்கிறார்.

அலகுக் குழப்பம் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதை 1999 செப்டம்பர் 23 காட்டியது. நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அன்று செவ்வாயை அடைந்ததும் தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் உந்துவிசையை ஆங்கில அலகில் எழுதியது. அதைப் படித்த இன்னொரு மென்பொருள் மெட்ரிக் அலகு என்று கொண்டது. இந்த விபத்தில் நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. பாதையில் ஏதோ பொருந்தவில்லை என்று வழிநடத்தும் குழுவினர் சிலர் முன்பே உணர்ந்திருந்தார்கள். அந்த ஐயம் முறையாகப் பதிவாகவில்லை, தீர்க்கப்படவும் இல்லை. சொல்ல ஆள் இருந்தும், கேட்டுப் பதிந்து முடிவு காணும் வழி சரியாக இல்லாததால் ஒரு விண்கலம் போனது.

‘2 மீட்டர் அலை’ என்றால் என்ன?

முதல் சோதனையாளர் சொல்லும் குறை எப்போதும் மென்பொருளின் பிழையாக இருக்காது. சில நேரம் அது விளக்கத்தின் பிழை. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு அலை உயரம்.

அறிவிப்பில் ‘அலை உயரம் 2 மீட்டர்’ என்று வருகிறது. மணப்பாட்டிலிருந்து போய்த் திரும்பியவர், ‘மூன்றரை மீட்டருக்கு எழும்பியது, உங்கள் கணக்கு பொய்’ என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். கடலில் எழும் அலைகளை உயர வரிசையில் அடுக்கி, அவற்றில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியைத்தான் கடலியலாளர் அலை உயரம் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அவ்வப்போது தனி அலை ஒன்று அந்தச் சராசரியைப் போல் கிட்டத்தட்ட இருமடங்கு எழும். இது புயலின் அறிகுறி அல்ல, இயல்பான புள்ளியியல்.

இந்த அளவையின் பிறப்பே ஒரு பாடம். இரண்டாம் உலகப் போரின்போது, கடற்கரையில் படைகளை இறக்குவதற்காக அலையை முன்கணிக்கும் முறையைக் கடலியலாளர்கள் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் வால்டர் மங்கும் உருவாக்கினார்கள். அலையின் உயரத்தை எப்படி ஒரே எண்ணில் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது, பழகிய மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்தோடு ஒத்துப்போகும் ஒரு சராசரியை மங்க் தேர்ந்தெடுத்தார். கருவியின் அளவை மனிதக் கண்ணுக்கு ஏற்ப அமைத்தார்கள். உலகம் முழுக்க இன்று பயன்படும் அறிவியல் அளவை ஒன்று, பயன்படுத்துவோரின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு பிறந்திருக்கிறது.

மணப்பாட்டுக்காரர் சொல்லும் குறைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தூத்துக்குடி அருகே இன்காய்ஸ் ஓர் அலைமிதவையை நிறுவியிருக்கிறது. அலையோடு ஏறி இறங்கும் அந்த உருண்டை, தன் முடுக்கத்தை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஆனால் தூத்துக்குடியிலிருந்து வடக்கே இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மணப்பாடு அந்த வரிசைக்குத் தெற்கே, திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் நெடிய அலை முனையைச் சுற்றும்போது வளைகிறது. முனையின் ஒரு பக்கம் அலை உடைய, மறுபக்கம் தணிந்திருக்கும். கடலைச் சில கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிக்கு இந்த நுட்பம் தெரியாது. அந்தப் பக்கமாகத் தினமும் படகு விடுபவருக்குத் தெரியும். மிதவை இல்லாத இடத்தில் அவர் சொல்தான் தரவு.

நம்ப முடியாத குறைகள்

சோதனையாளர் சொல்வது சில நேரம் அறிவியலுக்கு எதிராகவே தோன்றும். கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும், காற்றே இல்லாத தெளிந்த நாளில் கடல் திடீரென்று ஏறிவந்து குடிசைகளுக்குள் புகுவதை மீனவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். உள்ளூர்க் காற்றை மட்டும் வைத்து அலையைக் கணக்கிடுபவருக்கு இது நடக்கவே முடியாத செய்தி.

காரணம் வெகு தொலைவில் இருந்தது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பெரும்புயல்கள் நீண்ட அலைகளை எழுப்பி விடுகின்றன. 18 வினாடிக்கு ஒருமுறை எழும் அலைத்தொகுதி ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதாவது ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர். 5,000 கிலோமீட்டர் கடந்து நம் கரைக்கு வர அதற்கு நான்கைந்து நாள் போதும். புயல் எங்கோ கிடக்க, அலை மட்டும் இங்கே வந்து ஏறுகிறது. இன்காய்ஸ் 2020இல் கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னெச்சரிக்கை முறையைத் தொடங்கியது. கரையோர மக்களின் அனுபவத்தை ‘காற்றில்லாமல் அலையா?’ என்று ஒதுக்கியிருந்தால், கணக்கில் எது விடுபட்டது என்பது தெரியாமலே போயிருக்கும்.

ஒலிபெருக்கியிலிருந்து செயற்கைக்கோள் வரை

தமிழ்க் கரையில் கடல் முன்கணிப்பு மக்களிடம் வந்த கதையில் புதுச்சேரி அருகே உள்ள வீராம்பட்டினத்துக்கு முக்கிய இடமுண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணக்கு போட்டவர்கள் உலகின் மறுகோடியில் இருந்தார்கள். ஆனால் கேட்டவர்களால் மறுநாள் அந்த மையத்துக்கே வந்து, சொன்னது நடந்ததா இல்லையா என்று பேச முடிந்தது.

அதே நிறுவனம் பிறகு குவால்காம் நிறுவனத்தின் துணையோடு ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்னும் கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. அதில் அலையும் காற்றும் மீன் இருப்பிடமும் மட்டும் இல்லை. பன்னாட்டுக் கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கை வரும். ஆபத்தான இடங்களைக் குறித்துவைக்கலாம். ஆபத்தில் உதவி கேட்கலாம். கரையில் உட்கார்ந்து யோசித்தால் அலையும் காற்றும்தான் முதலில் நினைவுக்கு வரும். வலை சிக்கும் பாறையும் எல்லைக்கோடும் எவ்வளவு பெரிய கவலை என்பது கடலுக்குப் போகிறவரைக் கேட்டால்தான் தெரியும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் வலுத்து, நவம்பர் 30 அன்று குமரிக்கடலில் புயலானது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு முன்பே போயிருந்தவர்கள் கைபேசிக் கோபுரத்தின் எல்லையைக் கடந்திருந்தார்கள். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு மேல் கைபேசி எட்டாது. எச்சரிக்கை எழுதப்பட்டது, போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் புயலில் ஆளை இழந்தன.

அதன் பின் 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி வெளியிடப்பட்டது. ‘ககன்’ என்னும் இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பின் வழி வரும் எச்சரிக்கையைப் பெற்று, ப்ளூடூத் மூலம் படகில் உள்ள கைபேசிக்கு மாற்றும் சிறு பெட்டி அது. இன்காய்ஸ் உருவாக்கிய செயலி அந்தச் செய்தியை ஒன்பது மொழிகளில் காட்டியது. கோபுரம் எட்டாத இடத்திலும் எச்சரிக்கை எட்டியது. ஆனால் அது ஒருவழிப் பாதை. கரை பேசும், கடல் கேட்கும். கடல் பேசினால் கரைக்குக் கேட்காது. இந்தக் குறையைத் தீர்க்கும் அடுத்த கட்டமாக இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் இருவழித் தொடர்புக் கருவிகள் வந்தன. 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளில் இவற்றைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. கடலிலிருந்து திரும்பிப் பேசும் வழி கிடைத்திருப்பது உயிர் காக்கும் வசதி. முன்கணிப்பைத் திருத்தவும் அதுவே வழியாக வேண்டும்.

பாராட்டு ஏமாற்றும்

வழி இருந்தால் போதாது. எதைக் கேட்பது என்றும் தெரிய வேண்டும். 1884இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்லி என்பவர் சூறாவளிச் சுழல்களை முன்கணித்து, தம் கணிப்பு 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். அவருடைய 2,803 கணிப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. சுழல் வரும் என்று சொல்லி வந்தவை 28. வரும் என்று சொல்லி வராதவை 72. சொல்லாமல் வந்தவை 23. வராது என்று சொல்லி வராதவை 2,680. ஒன்றுமே கணிக்காமல் ‘சுழல் வராது’ என்று தினமும் சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும்!

ஆகவே ‘செயலி நன்றாக இருக்கிறதா?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் ‘நன்றாக இருக்கிறது’ என்ற விடை அறிவியலுக்கு உதவாது. நான்கு வகையையும் தனித்தனியே கேட்க வேண்டும். சொல்லி நடந்தது, சொல்லி நடக்காதது, சொல்லாமல் நடந்தது, சொல்லாமலும் நடக்காமலும் போனது. கடலில் மூன்றாவது வகை உயிரை எடுக்கும். இரண்டாவது வகை நம்பிக்கையைத் தின்னும்: நான்கு முறை வீணாக எச்சரித்தால், ஐந்தாம் முறை உண்மை எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

மீன் இருப்பிட அறிவிப்பிலும் இதே சிக்கல் உண்டு. கடற்பரப்பின் வெப்பநிலை சட்டென்று மாறும் எல்லைகளையும், நுண்பாசியின் பச்சையம் மிகுந்த இடங்களையும் செயற்கைக்கோள் படங்களில் கண்டு, அங்கே மீன் கூடலாம் என்று சொல்கிறார்கள். நுண்பாசி இருக்கும் இடத்தில் அதை உண்ணும் சிற்றுயிர்கள் சேரும். அவற்றைத் தேடி மீன் வரும். அந்த இடத்தில் நல்ல மீன்பாடு கிடைத்தவர் மகிழ்ச்சியாகச் சொல்வார். வெறும் வலையோடு வந்தவர் பேசாமல் வீட்டுக்குப் போவார். நல்ல செய்தி மட்டுமே வந்து சேர்ந்தால் மென்பொருள் தன்னைப் பற்றித் தவறாக மதிப்பிட்டுக்கொள்ளும். அதனால்தான் இன்காய்ஸின் சரிபார்ப்பு ஆய்வுகளில், அறிவிப்பைப் பின்பற்றிய படகின் மீன்பாட்டையும் பின்பற்றாத படகின் மீன்பாட்டையும் ஒரே காலத்தில் ஒப்பிட்டார்கள். வெறும் வலையும் ஒரு விடை. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்கும் முறை

கடலோரத்துக்காக மென்பொருள் எழுதுவோர் இன்று தமிழ்நாட்டில் பலர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

முதலில், முடித்துவிட்டுக் கேட்காதீர்கள். பாதி முடிந்த நிலையிலேயே கொண்டுபோங்கள். முழுதாக முடித்ததை மாற்ற யாருக்கும் மனம் வராது.

நேரம் பார்த்துப் போங்கள். விடியலில் படகு தள்ளுபவரிடமும், மீன் ஏலம் நடக்கும்போது நிற்பவரிடமும் படிவத்தை நீட்டக் கூடாது. மணப்பாடு போன்ற கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. உட்கார்ந்து பேச அந்த மாலை பொருத்தம். அதற்கும் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது முறை.

அபிப்பிராயம் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். எந்த நாள், எந்த நேரம், கரையிலிருந்து எந்தத் திசை, காற்று மேற்கிலிருந்து வீசும் கச்சானா கிழக்கிலிருந்து வீசும் கொண்டலா, கைபேசி என்ன சொன்னது, கண்ணால் கண்டது என்ன. இந்த விடைகள் இருந்தால் அந்த நாளின் கணக்கை மீண்டும் ஓட்டிப் பிழையைத் தேடலாம். எழுதச் சொல்லாமல் பேசச் சொல்லுங்கள், குரல்பதிவு போதும்.

அவர்களுடைய இரகசியத்தை மதியுங்கள். கரையில் தெரியும் இரண்டு குறிகளை நேராக வைத்துக் கடலில் இடம் பிடிப்பது நம் மீனவர்களின் பழைய வழக்கம். இன்று அது ஜி.பி.எஸ். எண்ணாக மாறியிருக்கிறது. மீன் கிடைக்கும் பார் எங்கே என்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பு. முன்கணிப்பைச் சரிபார்க்க அந்த எண் முழுதாகத் தேவையில்லை. ஏறத்தாழ எந்தப் பகுதி என்பது போதும். தேவைக்கு மேல் கேட்பவருக்கு உண்மை கிடைக்காது.

கடைசியாக, பதில் சொல்லுங்கள். ‘நீங்கள் சொன்னதை இப்படித் திருத்தினோம்’ என்றோ, ‘இந்தக் காரணத்தால் திருத்த முடியவில்லை’ என்றோ அவர்களிடமே திரும்பி வந்து சொல்ல வேண்டும். பல திட்டங்கள் இங்கேதான் தவறுகின்றன. கேட்டுவிட்டுக் காணாமல் போனவருக்கு மறுமுறை யாரும் மெனக்கெட்டு விடை சொல்ல மாட்டார்கள். சொன்னவரின் பங்கை வெளிப்படையாக ஏற்பதும், செலவழித்த நேரத்துக்கு ஈடு கொடுப்பதும் நியாயம். ஆய்வறிக்கையில் மிதவைக்கு நன்றி எழுதும் நாம், தம் படகையே அளவைக் கருவியாக்கித் தந்தவருக்கு நன்றி எழுதாமல் இருக்கக் கூடாது.

மீனவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கைபேசி சொன்னது தவறு என்றால், ‘இவர்களுக்கு என்ன தெரியும்’ என்று விட்டுவிடாதீர்கள். நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு தவறு, நாளை வேறோர் ஊரில் படகு தள்ளும் ஒருவரைக் காக்கும். மென்பொருள் எழுதுவோர் அந்தத் தவறைக் கேட்டு வாங்கி, திருத்தி, திரும்பி வந்து சொல்ல வேண்டும். இவை மூன்றும் நடக்கும் வரை எந்தக் கடல் மென்பொருளையும் முடிந்தது என்று அறிவிக்கக் கூடாது.